சித்திரைக்கு வச்சிருந்த படம்

இங்கன உக்காருங்க தம்பி, ஆள் வரலை. ஜன்னலோரம் மட்டும் எனக்கு விட்டுருங்க. காத்து மூஞ்சியில அடிக்கலைன்னா இப்பக் கொஞ்சம் மூச்சு முட்டுது. வயசாயிட்டுன்னு நெனைக்காதீங்க, இந்த ஐப்பசிப் புழுக்கம் அப்படி. திருநெல்வேலிக்கா போறீங்க? நான் நடுவுலயே இறங்கிருவேன். சாத்தூர் தாண்டி நம்ம ஊரு. சாயங்காலம் ஆறரைக்குப் படம். அதுக்கு முந்தி நான் அங்கன நிக்கணும். இந்த டிரைவர் விருதுநகர்ல டீ குடிக்கேன்னு ஓரம்கட்டுனான்னா கீழ இறங்கிச் சண்டை போட்டுருவேன், பாத்துக்கிடுங்க.

தியேட்டர்ல இல்ல தம்பி, மியூசியத்துல. சிரிக்காதீங்க. எங்க ஊர்ல பழைய பஞ்சரவை மில் ஒண்ணு இருக்கு. மில் ஓடலை. முதலாளி மக மனோன்மணியம்மா அதைக் கலைக்கூடமா மாத்துனாங்க. காலண்டர்ல முருகன், லெச்சுமி, குழல் ஊதுற கிருஷ்ணன்னு படம் வருமில்லா, அதையெல்லாம் எங்க பக்கத்து ஆட்கள்தான் கையால வரைஞ்சது. சிவகாசியில அச்சடிச்சு முடிச்சதும் அச்சாபீஸ்காரன் அசல் படத்தை மூலையில தூக்கிப் போட்டுட்டான். அதைத் தேடிப் பிடிச்சுக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கோம். பஞ்சு அடைச்ச குடோன்தான் இப்ப ஹால். மாசா மாசம் ரெண்டாம் சனிக்கிழமை வெளிநாட்டுப் படம். நாலாம் ஞாயித்துக்கிழமை பிள்ளைகளை உக்கார வச்சுப் படம் வரையச் சொல்லுவோம். பொங்கல் கழிஞ்சா மெம்பர் வீட்டு ஆளுக எல்லாம் சேந்து கூட்டாஞ்சோறு. படம் முடிஞ்சா வெளி முத்தத்துல சுண்டல், சுக்குக்காப்பி. இத்தனைக்கும் யாரு ஏற்பாடுன்னு நெனைக்கீங்க? ஆவுடையப்பன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் அண்ணாச்சின்னு கேளுங்க, பெட்டிக்கடைக்காரன் எந்திரிச்சு வந்து வழி காட்டுவான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவன் நான். அந்த உத்தியோகத்துல ஒண்ணு படிச்சேன். மழை வந்த பெறகு கேபிள் குழியைத் தோண்டப் போறவன் முட்டாப்பய. மேகம் கூடும்போதே போய்ப் பாத்துரணும். எந்தக் காரியத்துக்கும் முன்னால ரெடியா இருக்கணும். மியூசியத்துலயும் அப்படித்தான். சித்திரையில உக்காந்து அந்த வருசம் பூராவுக்கும் எந்த மாசம் எந்தப் படம்னு போட்டுருவேன். ஏன்னா படப்பெட்டி டெல்லியில இருந்தும் மெட்ராஸ்ல இருந்தும் ரயில் பார்சல்ல வரணும். கடுதாசி போடணும், ட்ரங்கால் போடணும், கெஞ்சணும். கடைசி நேரத்துல ஒரு படத்தை மாத்துறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

அதைத்தான் அவ செஞ்சிருக்கா. பொற்கொடின்னு ஒரு பிள்ளை. முப்பது வயசு இருக்கும், காலேஜ்ல பாடம் எடுக்கா. எனக்கு ஒத்தாசைக்குன்னு போன வருசம் சேத்துவிட்டாங்க. நான் அடுத்த சித்திரைக்குன்னு ஒரு படம் எடுத்து வச்சிருந்தேன். ஹங்கேரிக்காரன் எடுத்தது. மலைமேல ஒரு ஸ்டேஷன். அங்க ரயில் நிக்காது. ஸ்டேஷன் மாஸ்டர் தினமும் சட்டை பித்தான் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து பச்சைக்கொடி காட்டுவான். ரயில் பாட்டுக்குப் போயிரும். அம்புட்டுதான் படம். வாலிப வயசுல மெட்ராஸ்ல டிரெயினிங்குக்குப் போனப்ப ஒருக்கா பாத்தது. பெறகு எங்கயும் கிடைக்கலை. சாகுறதுக்குள்ள இன்னொரு தடவை பாக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். சும்மா பேச்சுக்குச் சொல்லுறதுதானே. நல்ல படத்துக்கு நல்ல மாசம் வேணும். சித்திரையில சாயங்காலம் வெயில் தாழ்ந்து காத்து வரும், கூட்டம் வரும். அதைக் கொண்டுபோய் இந்த அடைமழை மாசத்துல போடுதா. இன்னைக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

ஏம்மா இப்படின்னேன். "பெட்டி இப்பத்தான் கிடைக்கும்னு சொல்லிட்டாங்க மாமா" அப்படிங்கா. சுத்தப் பொய். பெட்டி அனுப்புற டெல்லிக்காரன் என் தோஸ்து. ட்ரங்கால் போட்டுக் கேட்டேன். பொற்கொடி மேடம் நாலு தடவை போன் போட்டு அழாத குறையாக் கேட்டாங்க, அதனால வேற ஊருக்குப் போக வேண்டிய பெட்டியை மறிச்சு அனுப்புறேன்னு சொல்லுதான். எதுக்கு அழணும்? என் படத்தை நான் இல்லாதப்ப போட்டு நல்ல பேரு வாங்கத்தானே? நான் மதுரையில ஆஸ்பத்திரியில கிடப்பேன்னு அவளுக்கு நெனைப்பு.

அட, ஆஸ்பத்திரின்னதும் ஏன் மூஞ்சி மாறுது? ஒண்ணுமில்ல, வாயுத் தொந்தரவு. சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது. எங்க ஊர் டாக்டர் வெறும் சோடா உப்பு குடுத்தாரு, மகன் கேக்க மாட்டேன்னுட்டான். மதுரையில கொண்டாந்து படுக்கப் போட்டு, ஒரு குழாயை விட்டுப் பாத்தாங்க, ஒரு மிஷினுக்குள்ள தள்ளிப் பாத்தாங்க. கையில இந்தப் பிளாஸ்திரி அதுதான், குளுகோஸ் ஏத்துன இடம். ஊசியை நானே உருவிட்டேன். இன்னைக்கு மத்தியானம் பெரிய டாக்டர் மகனை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டாரு. போனவன் லேசுல வரலை. நேத்தும் அப்படித்தான் போயிட்டு வந்தான், கண்ணெல்லாம் செவந்து கிடந்துது. அந்த ரூம்ல ஏசி கூடுதல், அவனுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே ஆகாது. இன்னைக்குப் பாத்தேன், நேரமாகுது. காப்பி குடிச்சிட்டு வாரேன்னு நர்ஸ்கிட்டச் சொன்னேன். கீழ இறங்குனேன், ஆட்டோ பிடிச்சேன், பஸ் ஏறிட்டேன். தேடட்டும். எங்க போயிருப்பேன்னு அவனுக்குத் தெரியாதா என்ன?

இந்தாங்க, சேவு எடுத்துக்கிடுங்க. பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. எனக்கு வேண்டாம். எனக்கு இறங்க மாட்டேங்கு. ஆஸ்பத்திரி கேண்டீன் எண்ணெய் அப்படி, வாயே கெட்டுப் போச்சு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், பொற்கொடி. அவ வந்த கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்க மியூசியத்துல ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டாந்தது. மெம்பர் யாராவது காலமாயிட்டா, அந்த மாசப் படத்துக்கு முன்னால திரையில அவர் ஃபோட்டோ விழும். எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் நிப்போம். பெறகுதான் படம். ஆரம்பத்துல ஒரு மெம்பர் போனப்ப வீட்டுல ஒரு நல்ல ஃபோட்டோ இல்ல. கடைசியில அடையாள அட்டையில இருந்து எடுத்துப் போட்டோம். அம்மாடி, போலீஸ் ஸ்டேஷன் போர்டுல ஒட்டுவாங்கல்லா, அது மாதிரி இருந்தாரு மனுசன். வாழ்ந்த வாழ்க்கைக்குக் கடைசியில இந்த மூஞ்சியா? எனக்கு மனசே ஆறலை. அன்னைக்கே முடிவு பண்ணேன். நம்ம ஆளு ஒருத்தருக்கும் இனிமே இந்தக் கதி வரப்படாது.

அதுக்குப் பெறகு எந்த மெம்பருக்கு வயசு கூடுதோ, உடம்பு தளருதோ, அவரை நைசாக் கூட்டிட்டுப் போவேன். மியூசியத்துக்கு வடவண்டைச் சுவரு வெள்ளையடிச்சது. சாயங்கால வெளிச்சம் அங்கன இதமா விழும். ஆண்டுமலருக்கு ஃபோட்டோன்னு சொல்லுவேன். கொஞ்சம் சாஞ்சு நின்னு வேப்பமரத்தைப் பாக்கச் சொல்லுவேன். ஜோதி ஸ்டுடியோ செல்லச்சாமி அதைக் கண்ணாடி ஸ்லைடாப் போட்டுத் தருவான். கீழ பேரு, பொறந்த வருசம், பக்கத்துல ஒரு கோடு, கோட்டுக்குப் பெறகு காலி இடம். நேரம் வந்தா அந்த இடத்துல எழுதிக்கிடலாம். இதுல என்ன தப்பு? முன்னேற்பாடு.

யாருக்கு எப்பன்னு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? நல்ல கேள்வி. டாக்டர் எல்லாம் வேண்டாம் தம்பி, எனக்குக் கண்ணு போதும். மொதல்ல கழுத்தைப் பாக்கணும். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல விரல் போற மாதிரி இடம் விழுந்தாச்சுன்னா, ஆரம்பிச்சாச்சு. அப்புறம் கைக்கடிகாரம். மணிக்கட்டுல நிக்காம முழங்கைக்கு ஓடும். அப்புறம் சாப்பாட்டை மத்தவனுக்குத் தள்ளுவாங்க, எனக்கு வேண்டாம், நீ சாப்பிடுன்னு. இந்த மூணும் சேந்துட்டுன்னா நான் செல்லச்சாமிக்குச் சொல்லி விட்டுருவேன். ஒருத்தர் விசயத்துலயும் நான் தப்புனது இல்ல.

இருங்க, இந்தக் கடிகாரத்தை ஏத்தி விட்டுக்கிடுதேன். ஸ்ட்ராப் நைஞ்சு போச்சு, நழுவிக்கிட்டே கிடக்கு. சட்டையைப் பாக்கீங்களா? மருமக ஆவணியில எடுத்தது. அளவு தெரியாமப் பெரிசா எடுத்துட்டு வந்துட்டா. நாப்பது சைஸ்தான் மாமா, நீங்க எப்பவும் போடுறதுதான்னு சாதிக்கா. கம்பெனிக்காரன் இப்ப அளவை எல்லாம் மாத்திட்டான்னு அவளுக்கு எங்க தெரியுது.

ஆச்சா? தனுஷ்கோடின்னு ஒருத்தர். ஜவுளிக்கடை வச்சிருந்தவர். என் கூட்டாளி. தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் மியூசியத்து முத்தத்துலதான் உக்காந்திருப்போம். போன வருசம் ஆடியில பாக்கேன், அவர் கழுத்துல காலர் தனியா நிக்கி. அவர் மகளை விசாரிச்சேன். ஈரல்ல கட்டி, அப்பாவுக்குச் சொல்லலைன்னா. சரி, நம்மளும் சொல்லப்படாது. சொன்னா மனுசன் உடைஞ்சிருவாரு. அதுக்காக ஒண்ணும் செய்யாமயும் இருக்க முடியுமா? ஃபோட்டோ எடுத்தேன். பனிமலையில ஆடு மேய்க்கிறவன் கதை ஒண்ணு, ரொம்ப நாளா அவர் கேட்டுக்கிட்டு இருந்தது, மார்கழிக்குப் போட்டிருந்தேன். மார்கழி வரைக்கும் தாங்க மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு. ஆவணிக்கு இழுத்தேன். டெல்லிக்காரன் கால்ல விழாத குறை. ஏன்வே முன்னால போடுதீருன்னு தனுஷ்கோடி கேட்டதுக்கு, பெட்டி இப்பத்தான் கிடைக்கும்னாங்கன்னு சொல்லிட்டேன். அன்னைக்குச் சுண்டலை நிறுத்திட்டு அவருக்குப் பிடிச்ச உளுந்தவடை போடச் சொன்னேன். மனோன்மணியம்மா வீட்டுல இருந்து பெரிய பிரம்பு நாற்காலியைக் கொண்டாந்து மெத்தை விரிச்சு முன்வரிசையில போட்டேன். எல்லாம் அவருக்குத் தெரியாமலே அவருக்குச் செஞ்சது.

நல்லபடியா முடிஞ்சிருக்கும். அந்தக் குருசாமிப் பய கெடுத்தான். புரொஜெக்டர் ஓட்டுறவன். படத்துக்கு முன்னால ஓவியத்தைப் பத்தி நாலு ஸ்லைடு காட்டுவோம். தனுஷ்கோடி ஸ்லைடு தொலைஞ்சிரப்படாதுன்னு நான் அதையும் அந்த ஸ்லைடு தட்டுலயே கடைசியில சொருகி வச்சிருந்தேன். கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டுமேன்னு. வச்சது நான்தான், இல்லைங்கலை. தட்டுல இருக்கதை எல்லாம் தள்ளணும்னு அவனுக்கு யாரு சொன்னது? முருகன் விழுந்துது, லெச்சுமி விழுந்துது. அடுத்தாப்ல தனுஷ்கோடி விழுந்தாரு.

எங்க ஆளுகளுக்குப் பழக்கம் தம்பி. திரையில ஃபோட்டோ விழுந்தா எந்திரிச்சிருவாங்க. யாரு என்னன்னு பாக்கும் முன்னால பாதிப் பேரு எந்திரிச்சாச்சு. தனுஷ்கோடியும் எந்திரிச்சார். இருட்டுல கண்ணாடி போடலை. கையைக் கட்டித் தலையைக் குனிஞ்சு நின்னார். பக்கத்துல நின்னவர்கிட்ட, "யாருவே, நம்ம ஆளா?"ன்னு மெதுவாக் கேட்டாராம். ஹால்ல அத்தனை பேரும் நிக்காங்க. சுவரு பூரா சாமி படம், அந்த வெளிச்சத்துல எல்லாச் சாமியும் அவரையே பாக்குது. அவர் சட்டைப்பையில இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு நிமிந்து பாத்தார்.

உக்காந்தார். படத்தை முழுசாப் பாத்தார். உளுந்தவடையைக் கையில வாங்கி அடுத்தவருக்குக் குடுத்தார். போகும்போது என் தோள்ல கை வச்சு, "ஃபோட்டோ நல்லா வந்திருக்குவே" அப்படின்னார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான். அடுத்த ரெண்டாம் சனிக்கிழமை அதே ஸ்லைடைத்தான் போட்டோம், காலி இடத்துல வருசத்தை எழுதி.

துட்டி விசாரிக்கப் போன இடத்துல அவர் சம்சாரம் என்னையப் பாத்து, "நீங்கதானே அண்ணாச்சி அவருக்கு நாள் குறிச்சது?"ன்னு கேட்டா. நான் என்ன எமனா? மனுசன் பொட்டுன்னு போகாம இன்னும் மூணு மாசம் இருந்திருப்பாராம். எனக்குத் தெரியாதா அவர் கழுத்து? ஆனா ஊரு அவ பக்கம் பேசுச்சு. மனோன்மணியம்மா என்னையக் கூப்பிட்டு, இனிமே அஞ்சலி வேலையைப் பொற்கொடி பாத்துக்கிடட்டும்னாங்க. அப்படித்தான் அவ உள்ள வந்தா. மொதல்ல ஸ்லைடு. பெறகு சுண்டல். இப்பப் படம். என் கையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டா தம்பி. எனக்குன்னு இருக்கது அந்த ஒரு இடம். அதையும் விட்டா நான் எங்க போறது, சொல்லுங்க. வீட்டுல உக்காந்து விட்டத்தைப் பாக்கவா?

ஆனா கெட்டிக்காரி. அதையும் சொல்லணும். போன மாசம் திடீர்னு கேமராவைத் தூக்கிட்டு வந்தா. ஆண்டுமலருக்கு உங்க படம் வேணும் மாமான்னா. எந்த இடத்துல எடுக்கப் போறான்னு பாத்தேன், நேரா வடவண்டைச் சுவருக்குக் கூட்டிட்டுப் போறா. சரிதான், நம்ம இடத்தைக் கண்டுபிடிச்சுட்டாளேன்னு இருந்துது. எக்கச்சக்கமா நின்னா, நிழல் என் மேல விழுது. ரெண்டடி தள்ளி நில்லும்மா, வேப்பமரத்தைப் பாக்கச் சொல்லணும், அப்பத்தான் கண்ணு நல்லா வரும்னு நானே சொல்லிக் குடுத்தேன். எடுத்து முடிச்ச பெறகும் அவ கேமராவை மூஞ்சியில இருந்து எடுக்கவே இல்ல. ரொம்ப நேரம் அப்படியே நின்னா. என்னம்மா, ஃபிலிம் சிக்கிக்கிட்டான்னேன். ஆமா மாமான்னா. குரலு கம்மி இருந்துது. சளி பிடிச்சிருக்கும்.

இந்தா, அந்த ஃபோட்டோவுல ஒண்ணு என் பையிலயே இருக்கு. பாருங்க. நல்லா இருக்கில்லா? சிரிக்காத மாதிரியும் இருக்கு, சிரிச்ச மாதிரியும் இருக்கு. இப்படி ஒரு ஃபோட்டோ எனக்கு வாழ்நாள்ல அமையலை. என்ன, காலர் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கி. மருமகளைச் சொல்லணும்.

பத்தாததுக்கு, ஒருவேளை நான் வந்துட்டா உக்காரட்டும்னு இன்னைக்குப் படத்துக்கு எனக்குப் பிரம்பு நாற்காலி போட்டிருக்காளாம், ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க சொன்னாங்க. தனுஷ்கோடி உக்காந்தது. மத்தவன் எல்லாம் இரும்புச் சேர்ல உக்காரும்போது நான் எதுக்கு அதுல உக்காரணும்? நான் என்ன சீக்காளியா? சுண்டலை நிறுத்திட்டு சாத்தூர் கருப்பட்டி மிட்டாய்க்குச் சொல்லியிருக்காளாம். எனக்கு அதுன்னா உசுருன்னு ஊருக்கே தெரியும். ஐஸ் வைக்கா. என்னைய வாய்பேச விடாம அடைக்கதுக்கு. பம்பாயில இருந்து மக வேற நாளைக்கு வாராளாம். தீபாவளிக்குக் கூப்பிட்டா லீவு இல்லைங்கவ, இப்ப மாப்பிள்ளை பிள்ளைகளோட வாரா. எதுக்கு வாரேன்னு போன்ல கேட்டா, சும்மாத்தான்பாங்கா. எல்லாரும் கூடிப் பேசி என்னைய மியூசியத்துல இருந்து ஓய்வெடுக்க வைக்கப் போறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. நான் எத்தனை ஏற்பாட்டைப் பாத்தவன், என்கிட்டயேவா?

அதான் நேரா போயி, விளக்கணைக்கும் முன்னால மைக்கைப் பிடிக்கப் போறேன். சித்திரைக்கு வச்சிருந்த படத்தை ஏன் ஐப்பசியில போடுதீங்க, எல்லார் முன்னாலயும் எனக்குப் பதில் சொல்லுங்கன்னு கேக்கப் போறேன். பொற்கொடி சொல்லட்டும். மனோன்மணியம்மா சொல்லட்டும். அத்தனை பேரு இருக்கப்ப பொய் சொல்ல முடியாதில்லா. சொல்லித்தான் தீரணும்.

என்ன தம்பி? கேக்க வேண்டாமா? ஏன்? பேசாமப் படத்தைப் பாத்துட்டு வந்துருன்னு சொல்லுதீங்களா? நீங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாது, என் மகன் மாதிரியே பேசுதீங்க. நான் தனுஷ்கோடி மாதிரி இல்ல. எனக்கு எதையும் நேருக்கு நேர் தெரிஞ்சாகணும்.

சாத்தூர் வந்துட்டா? வெள்ளரிக்காய் விக்கான் பாருங்க. வேணும்னா வாங்கிக்கிடுங்க, பிஞ்சா இருக்கும். வேண்டாமா? நீங்களும் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கீங்க. சேவு அப்படியே இருக்கு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இதுதான் காலையில இருந்து மனசுல கிடந்து உறுத்துது. மதுரைக்குப் புறப்பட்ட அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல செல்லச்சாமியைப் பாத்தேன். என்னையக் கண்டதும் கையில இருந்த கவரை முதுகுக்குப் பின்னால மறைச்சான். என்னடேன்னேன். மியூசியத்துக்கு ஒரு ஸ்லைடு அண்ணாச்சின்னான். யாருக்குன்னேன். தெரியாதுன்னான். ஸ்லைடு போட்டுத் தர்றவனுக்கு மூஞ்சி தெரியாதா? என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கான். கோடு போட்டு இடம் விட்டிருக்கான்னு கேட்டேன். விட்டிருக்கு, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பொற்கொடி மேடம் செய்யச் சொல்லியிருக்காங்கன்னான். பொறந்த வருசம் என்னன்னேன். முப்பத்தியாறுன்னு சொல்லிட்டு, பஸ் வருதுன்னு ஓடியே போயிட்டான்.

முப்பத்தியாறுன்னா என் செட்டு. அவ என்ன இருந்தாலும் என் வழக்கத்தை விடலை பாத்தீங்களா, அதுல எனக்கு ஒரு பக்கம் சந்தோசம்தான். ஆனா யாருன்னு பிடிபட மாட்டேங்கு. நம்ம மெம்பர்ல முப்பத்தியாறுல பொறந்தவன் ஒவ்வொருத்தனா நெனைச்சுப் பாத்துட்டேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு வேற என்ன வேலை. ஒருத்தன் கழுத்துலயும் இடம் விழலை. எல்லாவனும் நல்லாத்தான் இருக்கான். எனக்குத் தெரியாம எவனுக்கு என்ன வந்துது? நான் இத்தனை வருசத்துல ஒருத்தரைக் கூட விட்டது இல்லையே தம்பி.

அதான் மைக் எல்லாம் பெறகு. மொதல்ல அந்த ஸ்லைடுப் பெட்டியைத் திறந்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துரணும். சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கு, அவளுக்குத் தெரியாது. குருசாமி வாரதுக்கு முன்னால பாத்துட்டா, அந்த ஸ்லைடைத் தட்டுப் பக்கமே வராம எடுத்து மறைச்சு வச்சுருவேன். தனுஷ்கோடிக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கப்படாது. பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் படம் பாக்க வந்து நிப்பான்.

அந்தா தெரியுதுல்லா புகைபோக்கி, அதுதான் எங்க மில். மியூசியத்து லைட்டைப் போட்டாச்சு. இம்புட்டு வெள்ளனேயே போட்டுட்டாளே. வாசல்ல நிக்கிறது யாரு? என் மருமக மாதிரில்லா இருக்கு. மகன் போன் போட்டுருப்பான். சரி, வந்தது வந்தா, அவளும் படம் பாக்கட்டும்.

பையை எடுத்துக் குடுங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கீங்க? உங்க ஊரு இன்னும் தூரம் கிடக்கே. எங்கூட வாரீங்களா? டிக்கெட்டு வீணாப் போகுமே தம்பி. சரி வாங்க, அதுவும் நல்லதுதான். மெம்பர் இல்லாதவங்களும் வரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் பக்கத்துல உக்காருங்க. இல்ல, வேண்டாம், அந்தப் பக்கம் உக்காருங்க. இந்தப் பக்கம் அந்த ஸ்லைடுக்காரனை உக்கார வைக்கணும். யாரா இருந்தாலும் இன்னைக்கு விளக்கணைக்கும்போது அவன் கையை நான் பிடிச்சுக்கிடுவேன். தனுஷ்கோடி கையை நான் பிடிக்காமப் போயிட்டேன், புரொஜெக்டர்கிட்ட நின்னுட்டேன்.

என் கையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கீங்க? நான் விழ மாட்டேன். நீங்க பாத்துப் பைய இறங்குங்க, மழை பெஞ்ச படி, வழுக்கும்.